மாப்பிள்ளையின் வலப்பக்கம்

திருவிருந்துப் பாத்திரம் பீடத்துக்குத் திரும்பும்போது கனமாக வருகிறது என்பதை முதலில் கவனித்தவர் கோயில்பிள்ளைதான். அவர் கவனிக்காமல் வேறு யார் கவனிப்பார்கள்? கோயிலைக் கூட்டுவது, மணியடிப்பது, பீடத்து விரிப்பைத் துவைத்துக் கஞ்சி போடுவது, திராட்சரசத்தை அளந்து ஊற்றுவது எல்லாம் அவர் வேலை. அந்த லுத்தரன் சபையில் அவருடைய அப்பாவும் கோயில்பிள்ளை, அப்பாவின் அப்பாவும் கோயில்பிள்ளை. மணிக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கைதான் அவர்களுக்குப் பரம்பரைச் சொத்து.

மாதத்தின் முதல் ஞாயிறு சபையார் வரிசை வரிசையாகப் பீடத்தின் முன்னால் மண்டியிடுவார்கள். சபைப் போதகரான ஐயர் முதலில் அப்பத்தைக் கொடுத்துக்கொண்டு போவார். பிறகு வெள்ளிப் பாத்திரத்தை இடக்கோடியில் தொடங்கி வலக்கோடிவரை வாய்க்கு வாய் கொண்டுபோவார். எல்லோருக்கும் ஒரே பாத்திரம். கப்பலேறி வந்து இந்தச் சபையைத் தொடங்கிய முதல் ஐயர் கையோடு கொண்டுவந்தது. அவரும் அவர் மனைவியும் பிள்ளைகளில் இருவரும் காய்ச்சலில் போய்க் கோயிலின் பின்புறம் படுத்திருக்கிறார்கள். பாத்திரம் மட்டும் மெருகேறிக்கொண்டே வந்தது. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து, இத்தனை பேருக்கு இவ்வளவு என்று கோயில்பிள்ளை ஊற்றிவிடுவார். கடைசியில் ஒரு மடக்கு மிஞ்சும். அதை ஐயர் குடித்துத் துடைத்து வைப்பார்.

இப்போது சில மாதங்களாகப் பாதிக்குமேல் மிஞ்சியது. பிரதிஷ்டை செய்த ரசத்தைக் கொட்டவும் கூடாது. சர்க்கரை வியாதிக்காரரான ஐயர் கஷாயம் குடிக்கிறவர்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் விழுங்கினார்.

"இனிமே கொஞ்சமா ஊத்துங்க," என்றார் ஒருநாள், அங்கியைக் கழற்றிக்கொண்டே.

"ஆளு குறையலையே ஐயா."

"ஆளு குறையலை, குடிக்கிறவங்க குறைஞ்சுட்டாங்க." ஐயர் அவர் முகத்தைப் பார்க்காமல் பொத்தானைத் தேடினார். "ஏன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். கோயில்பிள்ளையின் குடும்பம் எப்போதும் முதல் வரிசையில் மண்டியிடும். முடிந்ததும் அவர் வேலைக்குத் திரும்ப வேண்டுமே. அந்த வரிசையில் அவருடைய மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள் இருந்தார்கள். வலப்பக்கம், பல் விழுந்த வாய்போல் வெறுமையாகக் கிடந்தது. பின்னால் வந்த வரிசைகளோ அப்பத்தை வாங்கிக்கொண்டன. பாத்திரம் வந்ததும் உதட்டை இறுக மூடித் தலையைக் குனிந்துகொண்டன.

மாப்பிள்ளை தோல் ஆலையில் வேலை செய்தார்.

ஆலைத் தெருவுக்குக் கோயில்பிள்ளை முதன்முதலில் போனது, மணி நாக்கைக் கட்டியிருந்த தோல்பட்டை அறுந்துபோனபோது. உப்புப் போட்ட பச்சைத் தோல்கள் வாசலில் அட்டியாகக் கிடந்தன. உள்ளே சுண்ணாம்புத் தொட்டிகள். அதற்கப்பால், யானை படுத்த மாதிரி, தோலை மருந்தில் புரட்டும் மர உருளைகள் தடதடவென்று சுழன்றுகொண்டிருந்தன. ஒருவர் உருளையை நிறுத்தி, கதவைத் திறந்து, நீலம் பாய்ந்த ஈரத் தோல்களை இரண்டு கையாலும் வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். நகமெல்லாம் நீலம். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பட்டைக்குப் பொருத்தமான துண்டைத் தேடி, இழுத்துப் பார்த்து, அறுத்துக் கொடுத்தார்.

"எதுக்குங்க இது?"

"கோயில் மணிக்கு."

"அப்ப உங்க சாமி தோலைத் தொடும். தோலுக்காரனைத் தொடுமா?" அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "நாத்தம் பாக்குமில்ல?"

"அதெல்லாம் பாக்காது. அவரு பொறந்ததே மாட்டுத் தொழுவத்துல," என்றார் கோயில்பிள்ளை.

இன்னும் மூன்று வருடத்தில் மிஷனின் பெருவிழா வருகிறது, அதற்குள் சபையார் ஒவ்வொருவரும் ஓர் ஆத்துமாவையாவது கொண்டுவர வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்த நேரம் அது. தீர்மானத்தைக் கைதட்டி நிறைவேற்றிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். கோயில்பிள்ளை ஒருவர்தான் அதை மெய்யென்று நம்பி வீடுவரை சுமந்துகொண்டு போனவர். அதன்பிறகு சனிக்கிழமை தோறும் ஆலைத் தெருவுக்குப் போனார். உருளை ஓய்ந்திருக்கும்போது இருவரும் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து பேசினார்கள். ஞானோபதேசம் முழுவதும் அந்த மூட்டைமேல்தான் நடந்தது. அடுத்த வருடம் அவர் தலையில் ஐயர் தண்ணீர் ஊற்றியபோது சபை எழுந்து நின்று கைதட்டியது. கடல்தாண்டி இருக்கும் தாய்ச் சபையின் பத்திரிகைக்குப் படம் எடுத்து அனுப்பினார்கள். அன்று வைத்த பேரை அதன்பிறகு எவரும் கூப்பிடவில்லை. தோலுக்காரர் என்றார்கள், முதுகுக்குப் பின்னால் தோலுக்காரன்.

கோயில்பிள்ளையின் மகள் மிஷன் ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரியெல்லாம் கொதிக்க வைக்கும் அறையில் வேலை பார்த்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனதோடு சரி, முப்பதைத் தாண்டிவிட்டாள். கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று அவளே வாய்விட்டுச் சொன்னபோது, கோயில்பிள்ளையின் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"ஆத்துமா வேணும்னீங்க, சரின்னேன். அதுக்குப் பொண்ணையும் சேத்துக் கட்டிக் கொடுக்கணும்னு எந்தத் தீர்மானத்துல போட்டிருக்கு?"

ஆனாலும் கல்யாணம் நடந்தது. மகள் உண்டானதும் ஆலைத் தெருக் காற்று ஆகாது என்று அவளையும் மாப்பிள்ளையையும் கோயில் வளாகத்தில் இருந்த தன் வீட்டுக்கே அழைத்து வந்தவளும் அதே மாமியார்தான். மாப்பிள்ளை சனிக்கிழமை சாயங்காலமெல்லாம் கிணற்றடியில் நின்று தேய்த்தார். சாம்பல், எலுமிச்சைத் தோல், சலவைச் சோடா, கடைசியில் மண்ணெண்ணெய். கைத்தோல் உரிந்து சிவந்துபோகும். வாடை உரியாது. பீடத்தின் முன்னால் மண்டியிட நல்ல தோலில் நீள மெத்தை ஒன்று தானே தைத்துக் கொண்டுவந்து வைத்தார். அதில் முட்டி போட யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை.

பெருவிழாவுக்கு முந்தின வாரம் ஐயரும் சபைச் செயலரும் கோயில்பிள்ளையின் வீட்டுக்கு வந்தார்கள். செயலர் மருந்துக்கடை வைத்திருப்பவர். யார் வீட்டுக்குப் போனாலும் அலமாரியில் மாத்திரை தேடுகிறவர்போல் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

"மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்காரா? நல்லதாப் போச்சு." நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். "விஷயம் ஒண்ணுமில்லை. முதல் ஐயரோட வம்சத்துல வந்த அம்மா ஒருத்தங்க அவரு கப்பலேறுன தேசத்துல இருந்து வர்றாங்க. பிஷப் வர்றாரு. அன்னைக்குத் திருவிருந்துல பாதிப் பேரு பாத்திரத்தைத் தொடாம எழுந்து போனா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காதுங்க."

"அதான். அன்னைக்கு மாப்பிள்ளை பீடத்துக்கு வர வேண்டாம்."

கோயில்பிள்ளை அவர் பக்கம் குனிந்தார். "கடைசி வரிசையில, கடைசி ஆளா மண்டிபோடச் சொல்றேங்க. எல்லாரும் குடிச்ச பிறகு..."

"பாத்திரம் ஒண்ணுதானேய்யா! அடுத்த மாசம் அதுலதானே நாங்க குடிக்கணும்?"

"நான் சுடுதண்ணியில கழுவுறேனே. சாம்பல் போட்டுத் தேய்க்கிறேனே."

செயலர் ஐயரைப் பார்த்தார். ஐயர் தரையைப் பார்த்தார். கழுவினால் போகிற சங்கதி இல்லை இது என்பது மூன்று பேருக்கும் விளங்கியது.

"ஒரு நாள்தான்," என்றார் ஐயர் மெல்ல. "சாயங்காலக் கூட்டத்துல தான் விசுவாசத்துக்கு வந்த கதையை அவருதான் சாட்சியாச் சொல்லப் போறாரு. விருந்தாளிகளே கேட்டிருக்காங்க, புதுசா வந்த விசுவாசியைப் பாக்கணும்னு. மேடையில நாற்காலி போட்டு உக்கார வைக்கிறோம். மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது."

"நீங்களே பக்குவமா சொல்லிடுங்க," என்றார் செயலர் எழுந்துகொண்டே. மறுபடியும் சுவரைப் பார்த்தார். "வீட்டுக்கு வெள்ளையடிக்கணும் போலிருக்கே. உங்களுக்கும் வயசாகுது. வேற ஆளைப் போட்டு இந்த வீட்டை அவனுக்குக் கொடுக்கணும்னு கமிட்டியில சில பேரு பேசுறாங்க. நான்தான் தடுத்து வச்சிருக்கேன்."

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை சாப்பிட்டுக் கை கழுவும்வரை கோயில்பிள்ளை பொறுத்திருந்தார். பிறகு சொன்னார். பக்குவமாகச் சொல்லத்தான் நினைத்தார். இந்தச் சங்கதிக்குப் பக்குவம் எங்கே இருக்கிறது? எச்சில் கையோடு மகள் எழுந்துவிட்டாள்.

"காலையில ஆகாத வாய், சாயங்காலம் சாட்சி சொல்ல மட்டும் ஆகுமா? சுத்தமாம் சுத்தம்! நாள் பூராவும் கொதிக்க வச்சு எடுக்கிற எனக்குத் தெரியாத சுத்தமா? அந்த மருந்துக்கடைக்காரர் வேதப் புத்தகத்துக்கு அட்டை எதுல போட்டிருக்காராம்? அவரு கால்ல கிடக்கிறது என்ன?"

"கத்தாதே. வயித்துல பிள்ளை இருக்கு," என்றாள் அம்மா. "ஒரு தடவை குடிக்கலைன்னா உயிரா போயிடும்? எத்தனை பேரு உடம்பு சரியில்லாம வராம இருக்காங்க."

"அவருக்கு உடம்புக்கு என்ன?"

மாப்பிள்ளை தன் கையை முகர்ந்து பார்த்தார். எல்லோர் முன்னாலும், சாதாரணமாக, வெந்திருக்கிறதா என்று பார்க்கிறவர்போல.

"எனக்கு இப்பல்லாம் தெரியறதே இல்லை மாமா," என்றார். "நிஜமாவே அவ்வளவு அடிக்குதா?"

"அப்படியெல்லாம் இல்லை மாப்பிள்ளை."

"இத்தனை மாசமா வலப்பக்கம் யாருமே இல்லையே, ஏன்னு யோசிச்சேன். நீங்க கோயில் வேலைக்காரங்க, அதனால மரியாதைக்கு இடம் விடுறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்." கொஞ்சம் சிரித்தார். "உப்பு மூட்டை மேல உக்காந்து நீங்க சொன்னீங்களே மாமா, அவரு நாத்தம் பாக்கறதில்லைன்னு. அது மெய்தானே?"

"சத்தியமா மெய்."

"அது போதும். நான் பின்னால உக்காந்துக்கறேன். உங்களை வீட்டை விட்டு அனுப்பிட்டா இவ எங்க போவா?"

பெருவிழா அன்று வெயில் விடிந்ததிலிருந்தே உறைத்தது. கோயில் கொள்ளாத கூட்டம். முதல் ஐயரின் வம்சத்து அம்மாள் முன் வரிசையில் இருந்தார். கைத்தடி ஊன்றிய கிழவி, தாத்தாவின் தாத்தா கல்லறையைப் பார்த்துவிட்டு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால். கோயில்பிள்ளை பீடத்துக்குப் பக்கத்து அறையின் வாசலில் நின்றார். அங்கிருந்து எல்லோரையும் பார்க்கலாம்.

மகள் தனியாக வந்து முதல் வரிசையில் மண்டியிட்டாள். நிறைமாதம் நெருங்கிய வயிறு. மெத்தையில் ஒரு கையை ஊன்றித்தான் முட்டியை மடக்க முடிந்தது. மூன்று தலைமுறையாக அந்தக் கோயிலுக்கு உழைத்த குடும்பத்தில் பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் வாங்கி, பாடகர் வரிசையில் நின்று வளர்ந்தவள். அவளுக்கு வலப்பக்கம் வந்து மண்டியிட்ட செயலரின் மனைவி, நிமிர்ந்து யாரென்று பார்த்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவளும் எழுந்தாள்.

ஐயர் பாத்திரத்தை மகளின் வாயிலிருந்து எடுத்து விளிம்பைத் துடைத்தார். வழக்கமாக ஒரு துடைப்பு. அன்று துணியை மடித்து, மறுபடி மடித்து, விருந்தாளிகள் பார்க்கிறார்கள் என்று நினைவு வரும்வரை துடைத்துக்கொண்டேயிருந்தார்.

கோயில்பிள்ளை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையை விலக்கிவிட்டால் மகளாவது மிஞ்சுவாள் என்று கணக்குப் போட்டிருந்தார். பந்தியில் பக்கத்து இலையை எடுக்கச் சொன்னார்கள் என்று எடுத்துக் கொடுத்தவனின் சொந்த இலையையும் சேர்த்து எடுத்த கதையாகிவிட்டது.

சாயங்காலம் பந்தல் மேடையில் மாப்பிள்ளைக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். மாலையும் போட்டார்கள். மிஷன் பள்ளித் தலைமையாசிரியர் அவர் பேசுவதை விருந்தாளிகளின் பாஷைக்கு மாற்றிச் சொல்ல நின்றார். மாப்பிள்ளை ஒலிபெருக்கியை அஞ்சி அஞ்சிப் பிடித்தார்.

"எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லைங்க. நான் தோல் பதப்படுத்துறவன். என் பக்கத்துல யாரும் ரொம்ப நேரம் உக்கார மாட்டாங்க. எங்க மாமா உக்காந்தாரு. நாத்தம் பாக்காத ஒருத்தரு இருக்காருன்னு சொன்னாரு. நான் நம்புனேன். இப்பவும் நம்புறேன்."

தலைமையாசிரியர் மாற்றிச் சொன்னார். கிழவி தலையசைத்தார்.

"ஆனா இன்னைக்குக் காலையில எனக்குப் பாத்திரம் கிடைக்கலைங்க. வர வேண்டாம்னுட்டாங்க. எல்லாரும் குடிக்கிறதைத் தூணுக்குப் பின்னால இருந்து பாத்தேன். என் பொண்டாட்டி பக்கத்துல இருந்தவங்களும் எழுந்து போயிட்டாங்க. யாரையும் குத்தம் சொல்லலை. உங்க தாத்தாவோட தாத்தா இவ்வளவு தூரம் வந்து, பிள்ளைங்களையும் மண்ணுல போட்டுட்டு, அந்தப் பாத்திரத்தைக் குடுத்துட்டுப் போனாரு. அது யாருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். எனக்கும் உண்டா?"

செயலர் முன்வரிசையில் கால்மேல் போட்ட காலைக் கீழே இறக்கினார். ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார்.

கோயில்பிள்ளை பந்தல் ஓரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பாஷை அவருக்குத் தெரியாது. ஆனால் வந்துபோன வெளிநாட்டு ஐயர்களுக்கெல்லாம் பாத்திரத்தை எடுத்துக் காட்டியவர். அந்த ஒரு சொல்லை அவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று தெரியும். அது வரும் வரும் என்று காத்திருந்தார். தலைமையாசிரியர் கையை விரித்து, நெஞ்சில் வைத்து, வானத்தைக் காட்டி நெடுநேரம் பேசினார். அந்தச் சொல் வரவில்லை.

பேசி முடித்ததும் கிழவி கைத்தடியைப் போட்டுவிட்டு எழுந்தார். கண்ணில் நீர் வழிய மேடை ஏறி மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விருந்தாளிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிஷப் கைதட்டினார். அவர் தட்டியதும் சபையும் தட்டியது. செயலரும்தான்.

மேடைக்குப் பின்னால் தலைமையாசிரியர் கோயில்பிள்ளையைத் தோளில் தட்டினார். "தப்பிச்சோம்யா. சபை தன்னைக் கையில வச்சுத் தாங்குது, முதல் ஐயருக்கு நன்றின்னு சொல்றாருன்னு மாத்திவிட்டேன். இல்லைன்னா இன்னைக்கு மானம் கப்பலேறியிருக்கும்."

அவர் நகர்ந்ததும் மாப்பிள்ளை படியிறங்கி வந்தார். மாலை கழுத்திலேயே இருந்தது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை, தலையில் தண்ணீர் ஊற்றிய அன்றுகூடக் கோயில்பிள்ளை பார்த்ததில்லை.

"மாமா, நான் கேட்டதுக்கா எல்லாரும் கை தட்டுனாங்க?"

கோயில்பிள்ளை அந்த முகத்தைப் பார்த்தார்.

"ஆமா மாப்பிள்ளை."

"அந்த அம்மா அழுதாங்களே!"

"ஆமா. உங்களுக்காகத்தான் அழுதாங்க."

"செயலர்கூடத் தட்டுனாரு மாமா. நான் பாத்தேன்."

வீட்டில் அதை மகளுக்கு வார்த்தை வார்த்தையாகச் சொன்னார் மாப்பிள்ளை. அவள் நம்பாமல் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் விளக்குத் திரியைச் சரிசெய்யப் போய்விட்டார். அந்த மாதம் முழுவதும் மாப்பிள்ளை ஆலைக்குப் பாடிக்கொண்டே போனார். உருளைக்காரர்கள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை தாங்களும் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டார்களாம். "வாங்கன்னு சொல்லிட்டேன் மாமா. ஆனா இந்தத் தடவை நான் முன்னால மண்டி போட்டுப் பாத்துட்டு, அடுத்த தடவை." கோயில்பிள்ளைக்கு மெய்யைச் சொல்ல நாள் இல்லாமல் இல்லை, நாக்குத்தான் எழவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் செயலர் கடைப் பையன் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். பெட்டி நிறையக் கண்ணாடிபோன்ற சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கிண்ணங்கள். இருமல் மருந்து அளந்து குடிக்கிற அளவு.

முதல் ஞாயிறு வந்தது. ஆளுக்கொரு கிண்ணமாகத் தட்டில் அடுக்கி ரசம் ஊற்றியவர் கோயில்பிள்ளைதான். கை அதுபாட்டுக்கு ஊற்றியது. வெள்ளிப் பாத்திரத்திலும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார் ஐயர். எதற்கு என்று கேட்கவில்லை.

மாப்பிள்ளை முதல் ஆளாக வந்து மண்டியிட்டார். ஆச்சரியமாக, வலப்பக்கம் ஆட்கள் வந்தார்கள். செயலரே வந்து மண்டியிட்டார். மாப்பிள்ளை ஓரக்கண்ணால் பார்த்தார். காது மடல்வரை சிவந்துபோனது அவருக்கு. ஐயர் பாத்திரத்தோடு நேராக அவரிடம் வந்தார். மாப்பிள்ளை கண்ணை மூடி, இரண்டு கையாலும் ஐயரின் கையைத் தாங்கிக் குடித்தார். வாயை எடுத்துவிட்டு, அடுத்தவர் குடிப்பதைப் பார்க்கத் திரும்பினார்.

ஐயர் பாத்திரத்தைக் கோயில்பிள்ளையிடம் நீட்டினார். தட்டை வாங்கிக்கொண்டார். செயலர் ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து மடக்கென்று குடித்தார். அடுத்தவரும். அதற்கடுத்தவரும். மாப்பிள்ளையின் தலை ஒவ்வொரு கிண்ணமாகப் பார்த்துக்கொண்டே வலக்கோடிவரை போயிற்று. பிறகு இடக்கோடிக்குத் திரும்பியது. அங்கே மகள் தன் முன்னால் நீட்டிய தட்டைத் தொடாமல் கும்பிட்டபடி இருந்தாள்.

பாத்திரத்தை ஏந்திக்கொண்டு ஐயரோடு நின்ற கோயில்பிள்ளைதான் கடைசி ஆள். ஐயர் அவர் பக்கம் திரும்பினார். வெள்ளிப் பாத்திரம் கோயில்பிள்ளையின் இடக்கையில் இருந்தது. ஒரு மடக்கு ரசம் அதில் மிஞ்சியிருந்தது. தட்டு எதிரில் இருந்தது. மாப்பிள்ளை அவரைப் பார்த்தார், மகள் பார்த்தாள். எழுந்த செயலர் போகாமல் நின்று பார்த்தார்.

கோயில்பிள்ளை சின்னக் கிண்ணத்தை எடுத்தார். அதில் ரசம் இருந்ததே தொண்டைக்குத் தெரியவில்லை.

மத்தியானம் மகள் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். அம்மா அழுதாள், பிரசவம்வரையாவது இரு என்று கெஞ்சினாள். மாப்பிள்ளை வாசலில் பாய் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். கோயில்பிள்ளை கிட்டப் போனதும் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"மேடையில நான் கேட்டதுக்குக் கை தட்டலை, இல்லையா மாமா?"

"இல்லை மாப்பிள்ளை."

"நீங்க சொல்லியிருக்கலாம். நான் வந்து மண்டி போட்டிருக்க மாட்டேன்." கோபமில்லாமல்தான் சொன்னார். "உள்ள இருக்கிறவரைப் பத்தி நீங்க சொன்னதுல பொய் இல்லைன்னுதான் இன்னமும் நினைக்கிறேன். உங்களை வச்சு அவரை எடை போடக் கூடாதில்ல."

மகள் வெளியே வந்தாள். அப்பாவைத் தாண்டித்தான் போக வேண்டும். நெருங்கியதும், மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அவரைக் கடந்து போனபிறகுதான் கையை எடுத்தாள்.

சாயங்கால மணியடிக்கப் போனபோது செயலர் கோயில் வாசலில் அவருக்காகக் காத்திருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அந்தப் பெரிய பாத்திரத்தை இனிமேல் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றார்.

"அப்புறம் இன்னொண்ணு. அந்த அம்மா ஊர் போய்ச் சேர்ந்து பேசுனாங்களாம். சாட்சி மனசை உலுக்கிடுச்சாம். அடுத்த வருஷமும் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வர்றாங்க. புதுசா ஒரு ஆத்துமாவைத் தேடி வைங்க. உங்களுக்குத்தான் அந்தக் கைராசி இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவை வேற தெருவுல பாருங்க."

கோயில்பிள்ளை மணிக்கயிற்றைப் பிடித்தார்.

"சரிங்க," என்றார்.